எல்லா ஜன்னலிலும் விளக்கு எதற்கு?

விண்கலம் ஒன்றின் அத்தனை ஜன்னலிலும் விளக்கு எரிந்தால், பார்க்கிறவர்களுக்கு முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தைப் பார்த்த ஞாபகம்தான் வரும். யூடியூபில் இப்படிக் காணொளிகள் நிறைய வருகின்றன. யாரோ ஒருவர் 'ஸ்டார் ட்ரெக்' கப்பலையோ 'ஸ்டார் வார்ஸ்' கப்பலையோ மாதக் கணக்கில் ஒட்டி முடித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு சுவிட்சைப் போடுகிறார். கண் கூசுகிறது. கீழே எல்லோரும் கை தட்டுகிறார்கள். எனக்கு மட்டும் மனசு ஒட்டுவதில்லை. ஏன் என்று யோசித்ததில் சில காரணங்கள் தேறின, எழுதி வைக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இல்லாத அன்பர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், புரியாத விஷயம் ஒன்றும் இல்லை.

"என்ன சார், எழுபத்தஞ்சு வயசுல பொம்மை வெச்சு விளையாடறீங்களாமே?" என்று காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். குழந்தை விளையாடும் பொம்மைக்கு அந்த மொழியில் 'ழுவே' என்று ஒரு சொல். அளவு பார்த்துச் செய்யும் மாதிரி வடிவத்துக்கு 'மக்கெத்' என்று வேறு சொல். கட்டடம் கட்டுவதற்கு முன் அட்டையில் செய்து காட்டுவார்களே, அதுவும் மக்கெத்தான். தமிழில் இரண்டையும் பொம்மை என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம், அதனால் வருகிற கேலி இது.

வெளிச்சத்துக்கும் அங்கே இரண்டு சொல் உண்டு. வேலை செய்ய, வழி பார்க்க, படிக்க வைக்கும் விளக்கு 'எக்லெராழ்'. விழாவுக்காகக் கட்டடத்தில் தொங்கவிடும் அலங்கார விளக்கு 'இல்லுமினாசியோன்'. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூலை 14-க்கு எது, தினசரித் தெருவுக்கு எது என்று நமக்குத் தெரியும். என் வாதம் மொத்தமும் இதற்குள் அடங்கும். மாடலில் போட வேண்டியது முதல் வகை. எல்லோரும் போடுவது இரண்டாவது வகை.

ஒரு ஜன்னலில் துளை போடுவதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒருவர் பணிக்குப் போயிருப்பார். ஓர் அறை வெறும் கிடங்காக இருக்கும். நான் வேலை பார்த்த அலுவலகத்தை இரவு எட்டு மணிக்கு வெளியே நின்று பார்த்தால் மூன்றே ஜன்னலில்தான் வெளிச்சம் இருக்கும். அந்த மூன்றைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியும். மொத்தக் கட்டடமும் எரிந்தால் ஏதோ விழா என்றுதான் நினைப்போம். இருண்ட ஜன்னல்கள் பக்கத்தில் இருந்தால்தான் எரிகிற ஜன்னலுக்கு அர்த்தம் வருகிறது. பாதிக்கு மேல் எரியக் கூடாது என்பது என் கணக்கு. எரிகிறவற்றிலும் சில மங்கலாக இருக்கட்டும்.

படம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்காக 1964-இல் செய்த என்டர்பிரைஸ் மாடல் 11 அடிக்கு மேல் நீளம். முதலில் அதற்குள் விளக்கே கிடையாது. தொடர் 1966-இல் ஒளிபரப்பாவதற்கு முன் விளக்கு சேர்த்தார்கள். இரண்டு எஞ்சின்களின் முன்பக்கக் குமிழ்களில் கிறிஸ்துமஸ் மரத்து பல்புகளையும் உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் வைத்து, எதிரே மோட்டாரில் ஓர் இறக்கையைச் சுழல விட்டார்கள். அந்தச் சிவப்புக் கலந்த ஆரஞ்சு நிறச் சுழலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வயர்கள் இடப்பக்கம் வழியாக உள்ளே போனதால் அந்தப் பக்கத்தை முழுதாக முடிக்கவே இல்லை. கேமரா வலப்பக்கத்தை மட்டும் பார்த்தது. அந்த மாடல் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொடரின் 50-ஆம் ஆண்டான 2016-இல் சீர்செய்தபோது உள்ளே எல்.இ.டி. வைத்தார்கள். பழைய ஒளியைப் போலவே தெரிய வேண்டும் என்று மெனக்கெட்டார்கள் என்பதுதான் நான் கவனித்தது. எல்.இ.டி. வந்துவிட்டதே என்று கூட்டிக் காட்டவில்லை.

1979-இல் வந்த திரைப்படத்துக்குச் செய்த புதிய என்டர்பிரைஸ் இன்னும் ஒரு படி மேலே. டக்ளஸ் ட்ரம்புல் பொறுப்பில் எடுத்த காட்சிகள் அவை. நட்சத்திரங்களுக்கு நடுவே, எந்தச் சூரியனுக்கும் அருகில் இல்லாத இடத்தில் கப்பல் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? தன் உடம்பின் மேல் தானே விளக்கு அடித்துக்கொண்டால்தான் தெரியும். ஆகவே கப்பலின் பெயரும் எண்ணும் இருக்கும் இடங்களில் மட்டும் சிறு ஒளி வட்டங்கள், மற்ற இடமெல்லாம் இருட்டு. இதற்கு நேர் எதிராக, 1968-இல் வந்த '2001' படத்தின் டிஸ்கவரி கலம். 54 அடி மாடல், ஆனால் அதில் ஜன்னல் வெளிச்சம் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவ்வளவு நீளக் கலத்தில் அத்தனை குறைவான வெளிச்சத்தைப் பார்க்கும்போதுதான் உள்ளே இருப்பவர்களின் தனிமை உறைக்கிறது.

'ஸ்டார் வார்ஸ்' கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1980 படத்துக்குச் செய்த 8 அடி ஸ்டார் டெஸ்ட்ராயரில் ஏகப்பட்ட விளக்குகள் உண்டே என்பார்கள். உண்மைதான். அது ஒரு நகரம் அளவுள்ள கப்பல், விளக்குகள் ஊசிமுனையளவு. நம்மவர்கள் 1/2700 அளவு கிட்டில் அரை மில்லிமீட்டர் துரப்பணத்தால் துளை போடுகிறார்கள். அரை மில்லிமீட்டரை 2700-ஆல் பெருக்கினால் 135 சென்டிமீட்டர். சரி, ஒரு ஜன்னல் என்று ஒப்புக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் போட்டால் 2 மீட்டர் 70. அது ஜன்னலா, மாட்டு வண்டி போகிற வாசலா? இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்காமல் யாரும் துளை போடக் கூடாது.

இப்போது வெளிச்சத்தின் அளவு. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் போதும். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி. 20 மில்லியாம்பியர் வரை தாங்கும் என்று போட்டிருப்பதால் எல்லோரும் இருபதையே கொடுக்கிறார்கள். தாங்கும் என்பதற்காகச் சுமையை ஏற்றுவதா? மாடலுக்கு ஐந்துக்குக் கீழேயே தாராளம். நான் செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டை வைத்துக்கொள்கிறேன். ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் மிச்சம் 2 வோல்ட். 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் நாலு மில்லியாம்பியர் சொச்சம் ஓடும். பட்டன் செல் பேட்டரியை நான் தொடுவதில்லை. குழந்தைகள் வந்து போகிற வீட்டில் அந்தச் சனியன் தரையில் உருண்டால் என்ன ஆகும் என்று மருத்துவர்களைக் கேளுங்கள். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக் குழாயையே அரித்துவிடும்.

கசிவு இன்னொரு தலைவலி. கிட்டின் பிளாஸ்டிக் ஒளியை விடும். வெளியே எவ்வளவு அழகாகச் சாம்பல் நிறம் அடித்தாலும், உள்ளே விளக்கு போட்டால் உடம்பு முழுக்க மின்னும். டார்ச்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததைப் போல. ஆகவே ஒட்டுவதற்கு முன் உள்பக்கம் கறுப்பு இரண்டு கோட், அதன் மேல் வெள்ளை ஒரு கோட். கறுப்பு தடுக்கும், வெள்ளை உள்ளேயே ஒளியைப் பரப்பும். மூட்டு இருக்கும் கோட்டில் கூடுதலாக ஒரு தடவை. பாதிப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், காணொளியில் உடனே தெரிந்துவிடும்.

சிறு ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் ஒளியிழை நல்லது. ஒரே எல்.இ.டி.யிலிருந்து முப்பது இழை பிரித்துக் கொண்டுபோகலாம். ஒட்டுவதற்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான். அவசரத்துக்கு ஃபெவிக்விக் போட்டால் இழை மொறுமொறு என்றாகி, தொட்டவுடன் ஒடியும். எஞ்சினைத் தாங்கும் மெல்லிய கால்களுக்குள் சாதாரண வயர் நுழையாது. மோட்டார் வைண்டிங் கடையில் வார்னிஷ் பூசிய தாமிரக் கம்பி கேட்டு வாங்குங்கள். 36 கேஜ் என்றால் 0.2 மி.மீ.கூட இருக்காது, நூலைப் போலப் போகும். நுனியில் வார்னிஷைச் சுரண்டிவிட்டுப் பற்றவைக்க வேண்டும்.

மினுக்குகிற விளக்கு பற்றி ஒரு வார்த்தை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது கடல் கப்பலிலிருந்து விமானத்துக்கு வந்து, அங்கிருந்து என்டர்பிரைசுக்கும் போன வழக்கம். விமானத்தில் மினுக்கும் எச்சரிக்கை விளக்கு நிமிஷத்துக்கு 40 முதல் 100 தடவைக்குள் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. ஆகவே வினாடிக்கு ஒன்று என்று வைத்தால் போதும். வினாடிக்கு ஐந்து என்று வைத்தால் கோவில் திருவிழா சீரியல் செட்.

இதெல்லாம் ரசனை சம்பந்தப்பட்டது, ஆளுக்கு ஆள் மாறும் என்று சொன்னால் நான் விட்டுக்கொடுக்கத் தயார். அடுத்து வருவதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விளக்கு வைத்த மாடல் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

தெரிந்தவர் வீட்டில் ஒரு பையன் நல்ல விலை கொடுத்து, விளக்கோடு செய்து முடித்த மாடலை யாரிடமோ வாங்கினான். ஒன்றரை வருஷத்தில் ஒரு எஞ்சின் அணைந்துவிட்டது. "தாத்தா, நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று என்னிடம் எடுத்து வந்தான். அருமையான வேலைப்பாடு. மூட்டுத் தெரியாமல் புட்டி வைத்துத் தேய்த்து, மேலே வண்ணம் அடித்து மூடியிருந்தது. எல்.இ.டி. அவ்வளவு சீக்கிரம் சாகாது. மெதுவாக ஓட்டினால் பல்லாயிரம் மணி நேரம் வரும். போவது வயர் பற்றவைத்த இடம்தான். இந்தக் கலத்திலும் அப்படித்தான் இருக்கும், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஒரு நிமிஷ வேலைக்காகக் கலத்தை ரம்பத்தால் அறுக்க வேண்டும். அவன் வேண்டாம் என்று எடுத்துப் போய்விட்டான். இப்போது ஒற்றை எஞ்சினோடு அலமாரியில் நிற்கிறது. சுவிட்சைப் போடுவதையே விட்டுவிட்டானாம்.

செய்தவரைக் குறை சொல்வது எனக்கு நோக்கம் இல்லை, ஆனால் அவர் இந்த மாடலைத் தான் மட்டுமே பார்க்கப் போவதாக நினைத்துச் செய்திருக்கிறார். நான் முப்பத்து நாலு வருஷம் கோப்பு கட்டினவன். கோப்பைத் திறக்கப் போகிறவர் நமக்குப் பிறகு வருகிற ஆள் என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். பக்க எண் போட வேண்டும், பச்சை டேக்கில் கோக்க வேண்டும், எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். மாடலிலும் அதைத்தான் செய்கிறேன்.

இப்போது மேஜையில் இருப்பது 1/1000 அளவு என்டர்பிரைஸ், 29 சென்டிமீட்டர். மகள் வயிற்றுப் பேரன் லியோனிலிருந்து போன விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. வண்ணம் அவன் அடித்துவிட்டுப் போனான், வயர் என் பொறுப்பு. இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆகிவிட்டது, பூதக் கண்ணாடி விளக்கு வைத்துக்கொண்டால் பற்றவைக்க முடிகிறது. கை நடுக்கம் காலையில் குறைவு, ஆகவே பத்து மணிக்குள் முடித்துக்கொள்கிறேன். இது அவனுடைய வீட்டுக்குப் போகிற கப்பல். பத்து வருஷம் கழித்து ஒரு விளக்கு அணைந்தால் திறக்கப் போவது அவன். பக்கத்தில் நான் இருக்க மாட்டேன் என்ற கணக்கில்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

அதனால் ரெசிஸ்டர், மினுக்கும் சர்க்யூட், சுவிட்ச் எதுவும் கலத்துக்குள் இல்லை. எல்லாம் அடியில் இருக்கும் மரப் பெட்டிக்குள். கலத்திலிருந்து தண்டு வழியாக இறங்குவது நாலு ஜோடிக் கம்பிகள் மட்டும், ஒவ்வொன்றிலும் சிறு காகித டேக். தட்டு ஜன்னல், உடல் ஜன்னல், எஞ்சின், இடவல விளக்கு என்று நாலு பெயர். மேல் தட்டை ஒட்டவில்லை, மூன்று சிறு காந்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோடு தெரியத்தான் செய்யும். தெரியட்டும்.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரைபடம் வைத்திருக்கிறேன். எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த ரெசிஸ்டர் எத்தனை ஓம், எந்த விளக்குக்கு எத்தனை வோல்ட், முடித்த தேதி. பிரெஞ்சில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பேரன் பாட்டியோடு தமிழில் வாயடிப்பான், எழுத்துக் கூட்டத் தெரியாது. கீழே அதையே தமிழிலும் எழுதிவிட்டேன். எவ்வளவு தூரம் கற்றுக்கொள்வானோ, தாள் இருக்கட்டும். பெட்டியின் அடியில் நாலு ஸ்க்ரூ. ஆறு முனை, நட்சத்திர முனை எல்லாம் தேடி வாங்காமல் சாதாரண பிளஸ் தலை ஸ்க்ரூவாகவே போட்டிருக்கிறேன். அதைக் கழற்றும் திருப்புளி எந்த வீட்டு டிராயரிலும் கிடைக்கும்.