தோட்டக்காரர் கையில் ஒரு கயிறு கொடுங்கள்

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதைப் பார்த்தவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே வாசல் மரத்தின் மேல் பயம் வந்துவிடுகிறது. தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊற்ற வருகிற தோட்டக்காரரிடம் "ஏம்ப்பா, ஆள் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வா, மொத்தமா கழிச்சு விட்டுடலாம்" என்கிறார்கள்.

வருகிற ஆள் விறகுக்கு வெட்டுபவர். அவரிடம் பேரம் எப்படி? "கட்டையை நீயே எடுத்துக்கோ, கூலியைக் குறைச்சுக்கோ." மரத்தின் கதை முடிவது இந்த இடத்தில்தான். கட்டையே கூலி என்று ஆனபிறகு, காய்ந்த குச்சியை அவர் ஏன் தேடிப்பிடித்து வெட்டப்போகிறார்? குட்டி யானை நிறைய வேண்டாமா! கை தடித்த கிளைக்குத்தான் போகும். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, ஒப்பந்தமே அப்படி.

மொட்டையடித்த மரம் வெட்டுவாய்க்குக் கீழே கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் புதுக் கொம்புகள் மேலடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. உள்ளே வெட்டுவாய் அழுக, வெளியே கொம்பு கனக்க, சில வருஷத்தில் ஒரு காற்றுக்கு முறிந்து காரின் மேல் விழும்.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரத்தின் காயம் நம் காயம்போல ஆறுவதில்லை, மரம் அதைச் சுவர் கட்டி ஒதுக்குகிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால் மூடிக்கொள்ளும். தண்டோடு வழித்து வெட்டினால் அழுகல் உள்ளே போகும். பெரிய கிளையென்றால் கொஞ்சம் தள்ளி அடியில் ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு, கடைசியில் புடைப்பருகே ஒன்று. இல்லாவிட்டால் விழுகிற கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

இதைக் கற்கவேண்டியவர் வாசலில் நிற்கிற அந்தத் தோட்டக்காரரேதான்! எலுமிச்சையிலும் செம்பருத்தியிலும் கவாத்து பழகிய கை. எந்தப் பக்கம் சிமெண்ட் போட்டு வேரை மூடினார்கள், அடிமரத்தில் காளான் எப்போது முளைத்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். மாசப்பணம் வாங்குகிறவருக்கு மரம் உயிரோடு இருப்பதில்தான் லாபம்.

"நாலு வீட்டுத் தோட்டம் பார்த்து என்னத்த சம்பாதிக்க? மெஷின் ரம்பம் வாங்கி நேரா மரத்தில் இறங்கினா ஒரே நாள்ல அள்ளலாமே" என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. கைலியை மடித்துக் கட்டி, செருப்போடு ஏறி, ஒரு கையில் ரம்பம், மறு கையில் கிளை, தலைக்கு மேல் மின்கம்பி! அன்றாடக் கூலிக்கு நிற்பவரால் "இந்த மரத்தில் ஏறமாட்டேன்" என்று சொல்ல முடியாது. பத்து வீட்டு மாசப்பணம் கையில் இருப்பவரால் முடியும். சின்னத் தோட்டத் தொழில் அவருக்கு வாங்கித் தருகிற பெரிய பாதுகாப்பு இந்த வார்த்தைதான். கயிறும் தலைக்கவசமும் அப்புறம்.

பிரிட்டனிலும் தோட்ட வேலையில் தொடங்கி மரத்துக்குப் போகிறவர்கள் நிறைய. ஆனால் தொழிலாக மரத்தில் மெஷின் ரம்பம் பிடிக்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒருவர் ஏறினால், அவரை மீட்டு இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்கவேண்டும். (இங்கே கீழே நிற்பவர் வேலை 'பார்த்துப்பா' என்று கத்துவது.)

அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் என்று தள்ளவும் முடியாது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற திட்டம் போட்டு, இளைஞர்களுக்குக் கருவி வைத்து மரமேறப் பயிற்சியும் விபத்துக் காப்பீடும் கொடுத்தது. தென்னைக்குச் செய்ததை வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் செய்ய என்ன தடை? அதுவரை வீட்டுக்காரர்கள் ஒன்றாவது செய்யலாம். கட்டைக்குப் பேரம் பேசாமல் முழுக் கூலி தரட்டும், அதையும் தோட்டக்காரரிடம் தரட்டும்.