அடைக்கலான் குருவி தரும் ஆறுதல்

இக்காலத்து மாணாக்கர் பலர்க்கு மன அமைதி என்பது கிட்டாத பொருளாயிற்று. தேர்வு, தேர்வின் பின் வேலை, வேலையின் பின் குடும்பக் கடன் எனக் கவலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசைப்பட்டு நிற்கின்றன. அமைதியை நாடி மலைநகரங்களுக்குச் செல்வோரும் உளர். கைப்பேசியில் மலையின் படத்தைக் கண்டு பெருமூச்செறிவோரும் உளர். ஆயின் கிறிஸ்து பெருமான் தம் சீடர்க்கு ஆறுதல் கூறப் புகுந்த காலையில், தொலைவிலுள்ள எதனையும் சுட்டினாரல்லர். காட்டுப் பூவையும், ஆகாயத்துப் பறவையையும், கடைத்தெருவில் விலைபோகும் குருவியையுமே காட்டினார். ஆதலின் நமக்கு வேண்டிய தேறுதல் அன்றாடம் நம் கண்முன் உள்ள பொருள்களிலேயே உண்டென்பதும், அதனைப் பெறும் வழி அவற்றைக் கவனித்துப் பார்த்தலே என்பதும் எம் கருத்து.

இதனை மறுப்பாரும் உளர். இயற்கை எப்போதும் இனியதன்று என்பர் அவர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறந்தநாளின் மறுநாட் காலையில், ஆழிப்பேரலை எழுந்து நம் கடற்கரையூர்களைச் சூறையாடிற்று. அக்கடலை நோக்கி அமைதி பெறுக என்பது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் சொல்லத்தகும் சொல்லோ? இவ்வினா நியாயமானதே. இதனைத் தட்டிக் கழித்துவிட்டு இயற்கையின் எழிலை மட்டும் பேசுவது மெய்யான பக்தியாகாது.

விடை அக்குருவியினிடத்தே உளது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின்படி ஒரு காசுக்கு இரண்டு குருவிகள்; லூக்கா எழுதியதன்படி இரண்டு காசுக்கு ஐந்து. கணக்கின்படி நான்கன்றோ கிடைத்தல் வேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. விலை மதிப்பே இல்லாத அக்கொசுறுக் குருவியும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்றார் நம் ஆண்டவர். அன்றியும், குருவி விழாது என்று அவர் கூறவில்லை; பிதாவையன்றி விழாது என்றே கூறினார். துன்பம் வாராது என்பதன்று நம் ஆறுதல். துன்பத்திலும் கைவிடப்படோம் என்பதே. இதனைக் கூறியவர் தாமும் முப்பது வெள்ளிக்காசுக்கு விலைபோனவர் ஆதலின், இச்சொல் வெறுஞ்சொல்லன்று. நம் தமிழ் வேதாகமம் இப்பறவையை அடைக்கலான் குருவி என வழங்குவதும் எண்ணி மகிழத்தக்கது. மனிதர் வீட்டு இறப்பில் அடைக்கலம் புகும் அச்சிற்றுயிரின் பெயரிலேயே நம் விசுவாசத்தின் சாரம் அடங்கியுள்ளது.

இனித் தென்பாண்டி நாட்டுத் தேரியில் நிற்கும் பனையைக் காண்க. கண்ணைக் கூசச்செய்யும் செம்மணலில், வேறு பயிர்கள் வாடிச் சாயும் கடுங்கோடையிலேயே அது இனிய பதநீர் சுரக்கின்றது. வறட்சியிலும் ஒருவனது உள்ளத்தில் இனிமை சுரக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ஆயின், அவ்வினிமை தானே நம் கைக்கு வந்துவிடுவதில்லை. நாள்தோறும் காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரமேறிப் பாளை சீவும் ஏழைத் தொழிலாளியின் உழைப்பாலேயே வருகின்றது. பனையை வியந்து, அவனை மறக்கும் பக்தி அரைப்பக்தியேயாம்.

சிறியவற்றைக் கவனித்தல் வீண்பொழுது என்று எண்ணற்க. 1776-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் ஐயர், குருத்துவப் பணியோடு நம் நாட்டுச் செடிகொடிகளையும் ஆராய்ந்து திரட்டினார்; தமிழ் அகராதி ஒன்றும் தொகுத்தார். செடியையும் சொல்லையும் பொறுமையோடு நோக்கிய அவர்க்கு அவையும் தேவ ஊழியத்திற்குப் புறம்பாய் இருந்தில.

ஆதலின், நண்பர்காள்! நாள்தோறும் காலையில் புத்தகத்தையோ கைப்பேசியையோ திறப்பதன் முன், சாளரத்தின் வெளியே உள்ள ஒரு பொருளையேனும் சிறிது நேரம் மௌனமாய் நோக்குமின். நோக்கியபின், அடுத்த அறையையும் நோக்குமின். தேர்வில் தவறி, ஊருக்கு எழுதவும் நாணி, கதவடைத்துக் கிடக்கும் தோழன் ஒருவன் அங்கிருத்தல் கூடும். ஒருவரும் கணக்கில் சேர்க்காத ஐந்தாவது குருவி அவனே. அவன் கதவைத் தட்டுங்கால் நீவிர் பெறும் சமாதானம், எம்மலையுச்சியிலும் கிட்டாததாகும்.