ரத்தம் சொட்டாத புத்தகம்

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் போதும், வைரஸ்களைப் பற்றி என்ன படிக்கலாம் என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் ரிச்சர்ட் பிரஸ்டனின் 'தி ஹாட் ஸோன்' (1994) படித்தவர்களாகவே இருப்பார்கள். விறுவிறுப்பில் குறையில்லை. ஆனால் எபோலா வந்தவரின் உடம்பே ரத்தமாக உருகி ஓடுவதுபோல் எழுதியிருப்பது மிகை. பல நோயாளிகளுக்கு வெளியே தெரியும் ரத்தப்போக்கே இருப்பதில்லை. கதையின் உச்சம், 1989-ல் அமெரிக்காவின் ரெஸ்டன் நகரில் ஆய்வுக்குக் கொண்டுவந்த குரங்குகளைக் கொன்ற வைரஸ். அது சில மனிதர்களையும் தொற்றியது; ஒருவருக்கும் நோய் வரவில்லை! பேய்க்கதை சொல்ல வந்தவருக்குத் தர்மசங்கடம்தான்.

பிரஸ்டனின் மிகையை எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் டேவிட் குவாமன். என் ஓட்டு அவருடைய 'ஸ்பில்ஓவர்' (2012) நூலுக்கு. ஐந்நூறு பக்கத்துக்கு மேல் போகும் தடிப்புத்தகம். விலங்கிடமிருந்து மனிதருக்கு நோய் எப்படித் தாவுகிறது என்பதுதான் பொருள். ஆய்வாளர்கள் போன காட்டுக்கெல்லாம் தானும் போய் எழுதியிருக்கிறார்.

நிபாவையே எடுத்துக்கொள்வோம். 1998-ல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், சாவு நிற்கவில்லை. மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங்தான் இது வேறு வைரஸ் என்று கண்டுபிடித்தார். பண்ணையோரப் பழமரங்களுக்கு வரும் பழந்தின்னி வௌவால்கள், அவை கடித்துப் போட்டதைத் தின்ற பன்றிகள், பன்றிகளை வளர்த்த மனிதர்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். வங்கதேசத்திலோ நடுவில் பன்றியே தேவைப்படவில்லை. சாறு இறக்க ஈச்ச மரத்தில் கட்டிய பானையில் இரவில் வௌவால் வாய்வைக்கும். விடிந்ததும் அதே சாற்றைக் காய்ச்சாமல் குடிப்பார்கள். மரத்தைச் சீவிய இடத்தை மூங்கில் தட்டியால் மறைத்தாலே வௌவால் அண்டாது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கோடிக்கணக்கில் பணம் கேட்காத தடுப்பு!

தடிப்புத்தகம் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கார்ல் ஸிம்மரின் 'எ பிளானட் ஆஃப் வைரஸஸ்' இருக்கிறது. சென்னையில் ரயில் ஏறினால் மதுரைக்குள் முடித்துவிடலாம். நம் மரபணுத் தொகுப்பில் சுமார் 8 விழுக்காடு பழைய வைரஸ்களின் மிச்சம் என்பதை அதில் படித்தபின் கொஞ்சநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

'ஸ்பில்ஓவர்' வாங்கினால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும் என்றில்லை. நிபா பகுதியை முதலில் புரட்டுங்கள். 'ஹாட் ஸோன்' பிறகு இருக்கட்டும். அதை ஒரு நாவலாக நினைத்துப் படியுங்கள்.