மாத வலிக்கு ஒளி மருந்தாகுமா?

விளக்கொளியால் வயிற்று வலி தீரும் என்று சொன்னால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள். ஒத்தடம் கொடு, ஓமத்தைக் கொதிக்க வைத்துக் குடி, உளுந்தங்களி தின்றுவிட்டுப் படு என்பதே அவர்கள் கண்ட வைத்தியம். ஆனால் மாதவிடாய் வலிக்கென்று அடிவயிற்றில் கட்டிக் கொள்ளும் ஒளிப்பட்டை இன்று விற்பனைக்கு வந்துவிட்டது. பட்டையின் உட்புறத்தில் வரிசையாகச் சிறு பல்புகள். செந்நிற ஒளியும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியும் அவற்றிலிருந்து வருகின்றன. விலை சில ஆயிரம் ரூபாய். வாங்கலாமா, கூடாதா என்று மாணவியர் தங்களுக்குள் பேசிக் கொள்கிறார்கள். மெல்லிய குரலில்தான்! பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் இதைப் பேசாவிட்டால் வேறெங்கே பேசுவது?

மெல்லிய குரலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. தமிழ் வீட்டில் 'விலக்கு' என்கிறோம், 'தூரம்' என்கிறோம். தெலுங்கு வீட்டில் 'பயட' என்பார்கள், கன்னட வீட்டில் 'ஹொரகே' என்பார்கள். இரண்டுக்கும் 'வெளியே' என்றே பொருள். மூன்று மொழிகள் அறிந்த ஊரில், மூன்றிலுமே பெண்ணை வெளியே நிறுத்தும் சொல்தான் வாய்த்திருக்கிறது. அவளுக்கு வலிக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

அந்த வலி பாசாங்கன்று. கருப்பையின் உட்சவ்வு கழலும் நாள்களில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் அங்கே மிகுதியாகச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. இறுக்கத்தில் இரத்தக் குழாய்கள் நெருக்குண்டு, தசைக்கு ஆக்ஸிஜன் குறைகிறது, வலி எழுகிறது. இந்தப் புராஸ்டாகிளாண்டின்களை ஆராய்ந்தமைக்காகவே பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் ஆகிய மூவருக்கும் 1982-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவர் எழுதித் தரும் மெஃபனாமிக் அமிலமும் இபுப்ரூஃபனும் அப்பொருளின் உற்பத்தியைக் குறைத்தே வலியைத் தணிக்கின்றன. "எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை" என்று சொல்லும் அத்தைமாருக்கு இதைப் பணிவுடன் எடுத்துச் சொல்லலாம்.

இனி ஒளியைப் பார்ப்போம். ஒளியை மருந்தாக்குவது புதுமையன்று. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தி 1903-இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது இன்னொரு வரலாறு. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைப்பிரசவக் குழந்தைகளைக் கவனித்து வந்த செவிலியர் ஜீன் வார்டு, வெயில் நாள்களில் அவர்களை முற்றத்துக்கு எடுத்துச் செல்வார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் காமாலையின் நிறம் வெளுத்திருப்பதும், துணி மூடிய இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருப்பதும் அவர் கண்ணில் பட்டன. மருத்துவர்களிடம் காட்டினார். அங்கிருந்த மருத்துவர் கிரீமரும் அவருடைய தோழர்களும் அதை ஆராய்ந்து, ஒளிக்கருவி ஒன்றை அமைத்து, 1958-இல் வெளியிட்டார்கள். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகள் நீல ஒளியின் கீழ்ப் படுத்திருக்கிறார்கள் என்றால், ஒரு பெண் உற்றுப் பார்த்ததும், அவள் சொன்னதை மற்றவர்கள் கேட்டதுமே அதற்கு முதற்காரணம்.

செவ்வொளியின் கதை புடாபெஸ்டில் தொடங்குகிறது. 1960-களில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், லேசர் ஒளி புற்றுநோய் உண்டாக்குமோ என்று எலிகளிடம் சோதித்தார். புற்றுநோய் வரவில்லை, மழித்த இடத்தில் முடிதான் விரைவாக வளர்ந்தது! உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள் செவ்வொளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஏற்றுக் கொள்கின்றன என்றும், அதனால் இரத்த ஓட்டம் பெருகி வீக்கமும் வலியும் குறையலாம் என்றும் அதன்பின் வந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

மாதவிடாய் வலிக்கு இதைக் கொரிய மருத்துவர்கள் சோதித்து 2012-இலும் 2016-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு சாரார்க்கு ஒளி தரும் கருவி, மறு சாரார்க்கு அதைப் போலவே தோன்றும் வெறுங்கருவி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒளி பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒவ்வோர் ஆய்விலும் கலந்து கொண்டவர்கள் நூறு பேருக்கும் குறைவு. எத்தனை நிமிடம், எவ்வளவு ஒளி, எத்தனை நாள் என்பதில் இன்னும் உறுதியான அளவு ஏற்படவில்லை. ஆய்வில் பயன்பட்ட கருவி ஒன்று. விளம்பரத்தில் வரும் பட்டை வேறொன்று. பட்டை வெதுவெதுப்பாகவும் இருந்தால், குணம் தந்தது ஒளியா வெப்பமா என்பதை யார் சொல்வது? தொடர்ந்து இதமான சூடு தரும் ஒட்டுப்பட்டை, இபுப்ரூஃபன் மாத்திரைக்கு ஈடாக வலியைத் தணித்ததாக 2001-இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. பாட்டியின் ஒத்தடத்துக்கு இப்படி ஒரு சான்றிதழ்!

ஆகவே ஒளிப்பட்டையை நாம் பழிக்கவுமில்லை, அவசரப்பட்டுப் புகழவுமில்லை. 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில், நம் பெண்களைக் கொண்டு, நம் மருத்துவர்கள் சோதித்துச் சொல்லட்டும். அதுவரை ஓர் ஏழைத் தாய் கடன்பட்டு வாங்க வேண்டிய பொருளன்று அது.

நம்மை உறுத்துவது வேறொன்று. இம்மாவட்டத்தில் சிப்காட் வந்த நாள் முதல் பெண்களின் விரல்களை நம்பித் தொழில்கள் வளர்ந்து வருகின்றன. 1980-களில் கைக்கடிகாரம், இப்போது கெலமங்கலம் பக்கம் செல்பேசியின் உறுப்புகள். பிளஸ் டூ முடித்த நம் அக்காமார் பலர் ஷிப்டு பேருந்தில் ஏறி அங்கேதான் போகிறார்கள். பகலும் இரவும் வெண்மையாக ஒளிரும் கூடங்கள் அவை. ஒளிக்கு அங்கே குறைவில்லை. வலி வந்தால் பத்து நிமிடம் உட்கார இடம் உண்டா என்பதே கேள்வி.

இக்கேள்வி கற்பனையில் எழுந்ததன்று. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் நூறு பெண்களைச் சந்தித்து, 2019 ஜூனில் ஒரு புலனாய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்றதும் தமக்கு வேலையிடத்திலேயே மாத்திரை தரப்பட்டதாக அத்தனை பெண்களும் சொன்னார்கள். பெரும்பாலும் அதைத் தந்தவர்கள் மருத்துவர்களுமல்லர், செவிலியர்களுமல்லர். மாத்திரையின் பெயர் தெரியாது, பின்விளைவு தெரியாது. வேலை நிற்கவில்லை; அது மட்டும் தெரியும். அது நூற்பாலை, தையற்கூடங்களின் செய்திதான். நம் ஊர்த் தொழிற்சாலைகளின் மீது நாம் அதை ஏற்றிச் சொல்லவில்லை. ஆனால் வலியைத் தணிப்பதற்கும், வலிப்பவளை இயந்திரத்தின் முன்னிருந்து எழவிடாமல் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டிவிட்டது. நாளை மாத்திரைக்குப் பதில் ஒளிப்பட்டையைக் கட்டி, "போ, வேலையைப் பார்" என்று அனுப்பினால் அதுவும் அந்தக் கதைதான்.

எல்லைக்கு அப்பால் காற்று வேறு பக்கம் வீசுகிறது. பணிபுரியும் பெண்களுக்கு, அரசுப் பணியாயினும் தனியார் பணியாயினும், மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்குக் கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. அதை எதிர்த்து வழக்கும் தொடரப்பட்டது. அத்திப்பள்ளியில் வேலை செய்யும் தங்கைக்கு வலிக்கு ஒரு நாள் உண்டு. ஜூஜூவாடிக்கு இப்பால் வேலை செய்யும் அக்காளுக்கு இல்லை. ஒரே வீட்டுப் பெண்கள், ஒரே வலி! பீகார் அரசு தன் பெண் ஊழியர்க்கு 1992-லேயே மாதம் இரு நாள் தந்தது. அதற்கும் முன்னால், கொச்சி சமஸ்தானத்துத் திருப்பூணித்துறை பெண்கள் பள்ளியில் 1912-இல், ஆண்டுத் தேர்வின்போது விலக்கான மாணவியர் விடுப்பு எடுத்துப் பின்னர்த் தேர்வெழுத அனுமதிக்கப்பட்டார்கள். இக்கால வினாத்தாள் அட்டவணையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் நம்மில் உண்டு.

விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களுக்கு வேலையே தராமல் போவார்கள் என்ற அச்சத்தை 2024-இல் உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டது. அச்சத்தில் பொருள் உண்டு. ஆனால் ஆலைக்குள் ஓய்வறையும் கட்டிலும் வெந்நீர்ப் பையும் வைப்பதற்கு எந்த முதலாளியும் பெண்களை விலக்க வேண்டியதில்லை. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் செவிலியருடன் கூடிய மருத்துவ உதவி அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது. அந்த அறையில் இருப்பவர் மாத்திரையின் பெயரைச் சொல்லித் தரட்டும். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் தரட்டும். மாதாமாதம் வலி ஏறிக்கொண்டே போனாலும், விலக்கல்லாத நாளிலும் வலித்தாலும் மருத்துவரிடம் அனுப்பட்டும். எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய்களை ஆண்டுக்கணக்கில் 'சாதாரண வலி' என்றே எண்ணித் தாங்கிக் கொள்ளும் பெண்கள் ஏராளம். அந்நிலையில் மாத்திரையோ ஒளிப்பட்டையோ நோயை மறைத்து வைக்கும் திரையாகவும் ஆகலாம்.

தந்தையரும் இதைப் படிக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் ஆள் எடுக்க வருகிறவர்களிடம் சம்பளம் எவ்வளவு, விடுதி எப்படி, பேருந்து வீட்டருகே வருமா என்றெல்லாம் நீங்கள் தவறாமல் கேட்கிறீர்கள். அத்துடன், என் மகளுக்கு வயிறு வலித்தால் எங்கே படுப்பாள், மாத்திரை தருவது யார் என்ற இரண்டையும் கூச்சமின்றிக் கேளுங்கள். ஓய்வறை இருக்கிறது என்றால், அதைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.