கட்டிழந்த மரம்

கடற்காற்று எட்டாத கரிசல் மண் பாளையம்பட்டி. அங்குப் பயிலும் மாணவன் 'டிரைமரான்' என்னுஞ் சொல்லைக் காணின் அயற்சொல் என்றே கொள்வான். பிழை அவனதன்று. தமிழரின் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. பின்னர் அதன் தலையை வெட்டி, மூன்றெனப் பொருள்படும் 'டிரை'யை ஒட்டினர். மூவுடற்கலம் என்பதே அதற்கேற்ற தமிழ்.

கலத்தின் வடிவம் தமிழருடையதன்று. அமைதிப் பெருங்கடல் தீவினரின் புறமிதவைக் கலங்கள் வழிவந்தது. பிறர் ஆக்கத்தைத் தமதென்பது மொழிப்பற்றாகாது. ஆயினும், வெட்டியெறியப்பட்ட 'கட்டு' என்னும் உறுப்பிலன்றோ தமிழ்ப் பரதவரின் அறிவு அடங்கியிருந்தது!

கட்டுமரத்தில் எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைப்பர். அலை மோதுங்கால் கட்டு நெகிழ்ந்து கொடுக்கும். கரையேறியபின் கட்டவிழ்த்து உலர்த்துவர். ஊறிய நீர் வற்ற எடை குறையும். பழுதும் கண்ணுக்குப் புலனாகும்.

இன்றைய மூவுடற்கலம் நிமிர்ந்து நிற்பது அடியெடையாலன்று, அகலத்தால். ஆதலின் எடை குறையக் குறைய விரைவு மிகும். கரியிழை நெசவைப் பசையில் தோய்த்து, இடையே தேனடையன்ன உள்ளீடு வைத்து, மெல்லிய சுவராக்குவர். அருப்புக்கோட்டைத் தறியாளர்க்கு இதனியல்பு எளிதில் விளங்கும். நீளவாக்கில் இழுத்தால் இழை தாங்கும். குறுக்கே அடித்தால் அத்துணை தாங்காது. அலையறைந்து உள்ளீட்டினின்று தோல் பிரியினும் வெளியே தெரியாதிருத்தல் கூடும்; அவிழ்த்துப் பார்க்கவோ கட்டில்லை.

1978-இல் பிரான்சிலிருந்து குவாதலூப்புத் தீவுக்கு நடந்த முதல் 'ரூட் து ரம்' போட்டியில், மைக் பெர்ச்சின் சிறிய மூவுடற்கலம் தன்னினும் மிகப் பெரிய ஓருடற்கலத்தை 98 நொடியில் வென்றது. அதே போட்டியில் அலைன் கோலா 'மனுரேவா' என்னும் மூவுடற்கலத்தோடு மறைந்தார். அவரும் மீளவில்லை, கலமும் மீளவில்லை.

நாற்பதாண்டு கழித்து, 2018-இல், அதே போட்டியில் ஆர்மெல் லெ கிளெயாக்கின் புதுக்கலம் மிதவை உடைந்து கவிழ்ந்தது. அவரை மீட்டது ஒரு மீன்பிடிக்கலம். மற்றொரு புதுக்கலம் மிதவையின் முகப்பை இழந்தது. 'மாசிப்' என்னும் கலம் சுக்கானும் நீர்ச்சிறகும் இழந்து இரண்டாவதாய் வந்தது. வென்றதோ 2006-இல் நீரிலிறங்கிய பழங்கலம்! அதனைத் தனித்துச் செலுத்திய 62 அகவையினரான பிரான்சிசு சுவாயோன் 7 மணித்துளி 8 நொடி முந்தினார். இறுதிவரை உடையாமை விரைவின் பகையன்று. விரைவின் ஒரு கூறே.

இவ்வுண்மை செல்வர் விளையாட்டோடு நிற்பதன்று. தமிழகக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரிதும் பற்றிக்கொண்டன. அவையும் இழையும் பசையுமே. போட்டிக்கலம் உடையின் ஒரு பரிசு போம். மீனவன் படகு உடையின் ஒரு குடும்பம் போம். இழையிலும் பசையிலும் குறைப்போர் அவன் உயிரிலன்றோ குறைக்கின்றனர்!

மரத்தைக் கொண்டவர் கட்டை விடுத்தனர். தமிழரேனும் இரண்டையும் காப்பாராக.