பவளம் பிழைத்தது, ஊர் பிழைத்ததா?



"இயற்கை தன் காயங்களைத் தானே ஆற்றிக்கொள்ளும்" என்று ஒரு பேச்சு உண்டு. கேட்பதற்கு இனிமையாக இருக்கும். பசிபிக் மாகடலில் உள்ள பிகினித் தீவுக்குப் போய், கடலுக்குள் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். அணுகுண்டுகள் வெடித்த இடத்தில் இன்று பவளம் தழைத்து நிற்கிறது, மீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன, சுறாக்களுக்கும் பஞ்சமில்லை. ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்பது அவர்களுடைய முடிவு.

அவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால் கண்டதிலிருந்து அவர்கள் எட்டிய முடிவு அரைகுறையானது என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன். நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

பிகினி என்பது ஒரே தீவு அன்று. மார்ஷல் தீவுகளில் அது ஒரு பவள வளையம். சிறியவும் பெரியவுமாக 23 தீவுகள் கழுத்துமாலை போல் வளைந்து கிடக்க, நடுவே சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைதியான காயல். இத்தகைய வளையத்தை உலகம் 'அட்டோல்' என்று அழைக்கிறது. அது மாலத்தீவு மக்களின் மொழியிலிருந்து சென்ற சொல்.

நடுக்கடலில் இந்த வளையம் எப்படி வந்தது? சார்லஸ் டார்வின் 1842-இல் இதற்கு விடை கூறினார். ஓர் எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. பவளத்துக்கோ சூரிய ஒளி வேண்டும். எனவே அது மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. முடிவில் எரிமலை மறைந்துவிடும். பவள வளையம் மட்டும் எஞ்சும். பக்கத்து வளையமான எனிவெட்டாக்கில் 1952-இல் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வினின் ஊகம் மெய்யாயிற்று. குண்டுச் சோதனைகளுக்காக வளையங்களை ஆராய வந்த இடத்தில்தான் இந்த உண்மை வெளிப்பட்டது என்பது வேடிக்கையான செய்தி.

கடலடியில் காண்பது என்ன?

1943-இல் பிரான்ஸ் நாட்டின் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து ஸ்கூபா கருவியை உருவாக்கினார்கள். முதுகில் அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய உருளை. வாயில் ஒரு குழாய். மூழ்குபவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்றபடி காற்றைத் தரும் அடைப்பிதழ்தான் இதன் உயிர்நாடி.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் 4 மடங்கு, 50 மீட்டரில் 6 மடங்கு. அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் ஆறு மூச்சுக் காற்று செலவாகும். அதோடு, மிகுந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. அவசரமாக மேலே வந்தால், திறந்த சோடாப் புட்டியில் குமிழி கிளம்புவது போல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி முதல் மரணம் வரை எதுவும் நேரலாம். ஆதலால் இடையிடையே நின்று நின்று மேலே வரவேண்டும்.

இந்த விதிகளை நன்கு கற்றவர்களே பிகினியில் இறங்கலாம். அங்கே பார்ப்பதற்கு உள்ளவை ஆழத்தில் கிடக்கின்றன. 270 மீட்டர் நீளமுள்ள 'சரடோகா' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே தரைதட்டி நிமிர்ந்து நிற்கிறது. ஜப்பானியப் போர்க்கப்பலான 'நகாட்டோ' தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது. இவை போரில் மூழ்கியவை அல்ல. குண்டின் வலிமையை அளப்பதற்காகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. 1946 ஜூலை 25 அன்று நீருக்கடியில் வெடித்த அணுகுண்டு இவற்றை மூழ்கடித்தது.

1946 முதல் 1958 வரை பிகினியில் 23 குண்டுகள் வெடித்தன. அவற்றுள் பெரியது 1954 மார்ச் 1 அன்று வெடித்த 'பிராவோ' என்னும் ஹைட்ரஜன் குண்டு. 6 மெகாடன் அளவில் வெடிக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். குண்டில் இருந்த லித்தியம்-7 வினைபுரியாது என்று எண்ணியிருந்தார்கள், அதுவும் வினைபுரிந்தது. வெடிப்பு 15 மெகாடனாயிற்று. அதாவது, ஹிரோஷிமா குண்டைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு. பவளத் திட்டில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் விழுந்தது.

அந்தப் பள்ளத்தில் 2002-இல் விஞ்ஞானிகள் இறங்கிப் பார்த்தார்கள். 8 மீட்டர் உயரம் வரை வளர்ந்த பவளக் காட்டைக் கண்டார்கள். மரத்தின் அடிபோல் 30 சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டுகளும் அங்கே இருந்தன. அரை நூற்றாண்டில் இப்படியொரு மீட்சி! வியக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் அதே விஞ்ஞானிகள் இன்னொன்றும் செய்தார்கள். சோதனைகளுக்கு முன் எடுக்கப்பட்டிருந்த பவள இனங்களின் பட்டியலோடு தாம் கண்டவற்றை ஒப்பிட்டார்கள். 28 இனங்கள் அங்கே அற்றுப்போயின என்பது தெரிந்தது. அவற்றுள் பெரும்பாலானவை காயலின் அமைதியான நீரில் மட்டுமே வாழக்கூடியவை. மூழ்கிப் பார்ப்பவருக்கு இருப்பது தெரியும், இல்லாமற்போனது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பழைய பட்டியல் வேண்டும். அறிவியலில் குறித்துவைப்பதன் அருமை இதுதான்.

பவளம் ஏன் மீண்டது என்பதற்கும் அவர்கள் காரணம் கூறினார்கள். அருகில் உள்ள ரோங்கலாப் வளையத்திலிருந்து பவளத்தின் இளவுயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து வந்திருக்கலாம். மேலும், பல்லாண்டுகளாக மீன்பிடிப்போ மனித நடமாட்டமோ அங்கே இல்லை. இந்த இரண்டாவது காரணத்தைச் சற்று நிதானித்துப் படியுங்கள். மனிதர் ஏன் அங்கே இல்லை?

வெளியேறியவர்கள்

1946-இல் பிகினியில் 167 பேர் வாழ்ந்தார்கள். தென்னையும் தாழையும் மீனும் அவர்களுடைய செல்வம். மனிதகுலத்தின் நன்மைக்காகச் சிறிது காலம் இடம்பெயர்ந்து இருங்கள் என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி அவர்களிடம் கேட்டார். அவர்கள் ரோங்கெரிக் என்னும் ஆளில்லாத வளையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே உணவு போதாமல் பட்டினியால் வாடினார்கள். 1948-இல் கிலி என்னும் தனித்தீவுக்கு மாற்றப்பட்டார்கள். கிலியைச் சுற்றிக் காயல் இல்லை. ஆண்டில் பல மாதங்கள் அலை ஓய்வதில்லை. காயலில் தோணி விடப் பழகிய மக்களுக்கு அவர்களுடைய தொழிலறிவே பயன்படாமற் போயிற்று.

பிராவோ வெடித்தபோது, பவளப் பாறையே பொடியாகி, கதிரியக்கம் ஏறி, வெண்சாம்பலாகக் காற்றில் பறந்தது. ரோங்கலாப் மக்கள்மீது அது பொழிந்தது. 100 கிலோமீட்டருக்கும் அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகில் இருந்த 23 பேர்மீதும் விழுந்தது. அந்தப் படகின் வானொலி இயக்குநர் குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் உயிர்நீத்தார்.

1968-இல் பிகினி பாதுகாப்பாகிவிட்டது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. சில குடும்பங்கள் ஆவலோடு திரும்பின. புதிதாக நட்ட தென்னைகள் காய்த்தன. ஆனால் சில ஆண்டுகளில் அவர்களுடைய உடலில் சீசியம்-137 ஏறிக்கொண்டே போவதைச் சோதனைகள் காட்டின. 1978-இல் அவர்கள் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். இன்றுவரை அந்த ஊர் மீண்டும் குடியேறவில்லை.

கடலில் இல்லாதது தேங்காயில் எப்படி வந்தது?

உங்கள் வேதியியல் புத்தகத்தில் தனிம வரிசை அட்டவணையைப் பாருங்கள். பொட்டாசியமும் சீசியமும் ஒரே தொகுதியில் மேலும் கீழுமாக இருக்கும். இரண்டும் குணத்தில் நெருங்கிய உறவு. தாவரங்களுக்குப் பொட்டாசியம் இன்றியமையாதது. பவள மண்ணிலோ பொட்டாசியம் மிகவும் குறைவு. சீசியத்தைப் பற்றிப் பிடித்துவைக்கும் களிமண்ணும் அங்கே இல்லை. எனவே பொட்டாசியத்தைத் தேடும் தென்னையின் வேர், உடன் கிடைக்கும் சீசியத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. அது இளநீருக்கும் தேங்காய்க்கும் போய்ச்சேருகிறது.

கடலில் நிலைமை வேறு. கடல்நீர் கதிரியக்கப் பொருள்களைக் கரைத்துப் பரப்பிவிட்டது. அதில் பொட்டாசியமும் தாராளமாக இருப்பதால் உயிர்கள் சீசியத்தை அதிகம் ஏற்பதில்லை.

ஆகவே, வெளியிலிருந்து கொண்டுவந்த உணவை உண்டு, பத்து நாள் மூழ்கிவிட்டுப் போகும் பயணிக்குப் பிகினி பாதுகாப்பானது. அங்கேயே வாழ்ந்து, அந்த மண்ணின் தேங்காயையும் பழத்தையும் உண்ணவேண்டிய குடும்பத்துக்கு அது பாதுகாப்பானது அன்று. 1990களில் ஆராய்ந்த சர்வதேச அணுசக்தி முகமையும், அன்றைய நிலையில் அங்கே நிரந்தரமாகக் குடியேறி உள்ளூர் உணவை உண்ணவேண்டாம் என்றே கூறியது. நிலத்தில் பொட்டாசிய உரம் இட்டால் சீசியம் ஏறுவது குறையும் என்றும் வழி காட்டியது.

சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டுகள். 1954-இல் இருந்ததில் 1984-இல் பாதி, 2014-இல் கால்பங்கு, 2044-இல் அரைக்கால்பங்கு. 'சிறிது காலம்' என்று கேட்ட வாக்குறுதியை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நான் கூற விரும்புவது

மூழ்கிப் பார்ப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1996 முதல் 2008 வரை பிகினி மக்களின் உள்ளூர் ஆட்சியே அந்தச் சுற்றுலாவை நடத்தியது. அவர்களுக்கு வருவாய் வந்தது. உலகமும் அவர்களை நினைத்துப் பார்த்தது. 2010-இல் யுனெஸ்கோ பிகினியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவையெல்லாம் நல்லவையே. பவளத்தைக் கண்டவர்கள் அந்த மகிழ்ச்சியிலேயே கணக்கை முடித்துவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு சொல்லையும் நாம் கேள்வி கேட்கவேண்டும். 'தொலைதூரத் தீவு' என்கிறோம். யாருக்குத் தொலைவு? அங்கே பிறந்தவனுக்கு அதுதான் உலகின் நடு. தொலைவில் இருக்கிறது, சிலர்தாம் வாழ்கிறார்கள் என்ற காரணங்களால்தானே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? சிலர்தானே என்று எண்ணத் தொடங்கினால், அந்தச் சிலரில் நாளை நாமும் இருக்கமாட்டோமா?

பிராவோ வெடித்த அடுத்த மாதமே மார்ஷல் தீவு மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு முறையிட்டார்கள். அதே 1954 ஏப்ரலில், அணுச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று நேரு நம் நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார். பெரும்பாலான நாடுகள் வளிமண்டலத்திலும் நீருக்கடியிலும் சோதனை செய்வதைக் கைவிட ஒப்புக்கொண்ட உடன்படிக்கை 1963-இல் வந்தது. 2014-இல் மார்ஷல் தீவுகள் அணு ஆயுத நாடுகள்மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, அப்பட்டியலில் இந்தியாவும் இருந்தது. விசாரிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று 2016-இல் நீதிமன்றம் வழக்கை முடித்துவிட்டது. ஆனால் கேள்வி முடிந்துவிட்டதா? அது நம்மையும் நோக்கிய கேள்வி என்பதை மறைக்காமல் படிப்பதே நேர்மை.

நண்பர்களே, நாளை உங்களில் சிலர் கடலியல் படிக்கலாம். சிலர் அணு இயற்பியல் படிக்கலாம். எந்தத் துறையானாலும், "இது பாதுகாப்பானது" என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாருக்குப் பாதுகாப்பு? என்ன செய்வதற்கு? எத்தனை காலத்துக்கு? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத பேச்சு, அளவு குறிக்காத அளவுகோல் போன்றது. 1968-இல் இந்தக் கேள்விகளை உரக்கக் கேட்டு விடையும் பெற்றிருந்தால், பிகினிக் குழந்தைகள் அந்த இளநீரைக் குடித்திருக்கமாட்டார்கள்.