இரண்டாம் அல்ஜீப்ராவும் டெக்ஸாஸ் சட்டசபையும்

உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடங்களைப் படித்துத் தேறலாம். இலவச மதிய உணவுக்கோ சலுகை விலை உணவுக்கோ உரிய ஏழைப் பிள்ளைகளானால் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதும் இல்லை என்று டெக்ஸாஸ் சட்டசபையார் 2023-இல் செய்த ஏற்பாட்டை நாமும் வரவேற்றோம். ஆனால் அதே சபையார் 2013-இல் செய்த நிர்ணயம் ஒன்று இன்றளவும் நீங்காமல் நிற்கிறது. டிப்ளமா பெறுவதற்கு இரண்டாம் அல்ஜீப்ரா எல்லோருக்கும் அவசியமில்லை என்று 5-ஆம் எண் மசோதாவின் வழியே தீர்த்துவிட்டார்களே, அதைத்தான் சொல்லுகிறோம். அது நிற்கும்வரை, பின்னால் வந்த சலுகை, எவர்பொருட்டு அளிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறதோ அந்தப் பிள்ளைகளுக்கே எட்டாமல் போகும்.

டூயல் கிரெடிட் என்ற பெயரால் பள்ளிகளில் நடைபெறும் கல்லூரிப் பாடங்களுள் கணிதத்தின் தலைவாயிலாக இருப்பது கல்லூரி அல்ஜீப்ரா. மாநிலத்துப் பொதுப் பாட எண் வரிசையில் 1314 என்ற எண் பெற்ற இந்தப் பாடத்தைப் பதினோராம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ முடித்துவிடுகிற மாணவன், பள்ளிக் கணக்கில் ஒரு பாடத்தையும் கல்லூரிக் கணக்கில் மூன்று கிரெடிட்டுகளையும் ஏககாலத்தில் சம்பாதித்துக்கொள்ளுகிறான். ஆயின் அந்த வகுப்பில் அமர்ந்தவுடன் அவனுக்கு முன் வைக்கப்படுவது என்ன? ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு கூட்டுவட்டியில் ஆயிரம் டாலர் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று கேட்டால், தெரியாத எண் அடுக்கில் போய் அமர்ந்திருக்கிறது. அதை லாகரிதத்தின் துணையால் கீழே இறக்கி, பதினான்கு ஆண்டுக்குச் சற்று மேல் என்று அவன் விடை காணவேண்டும். அந்த லாகரிதத்தைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் அவன் முதன்முதல் சந்திக்கும் இடம் இரண்டாம் அல்ஜீப்ரா. அதைப் படியாமல் முதல் அல்ஜீப்ராவும் வடிவ கணிதமும் மட்டும் கற்று வந்தவன், கல்லூரிப் பாடத்துக்குத் தகுதி காட்டும் டி.எஸ்.ஐ. பரீட்சையில் கணிதத்துக்கென்று வைத்திருக்கும் 950 என்ற எல்லையிலேயே தடுமாறி நிற்பான். குளத்துக்கு மதகு கட்டிவிட்டு வரத்துக்காலைத் தூர்த்துவிட்ட காரியமாக முடிந்திருக்கிறது இது.

விருப்பமுள்ளவர்கள் இரண்டாம் அல்ஜீப்ராவைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாமே, தடுப்பவர் யார் என்று சட்டத்தை ஆதரிப்போர் கேட்கிறார்கள். தொழிற்கல்வியை நாடும் பிள்ளைக்கு அது பாரம் என்றும் அன்று வாதித்தார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எல்லோரும் ஒரே வழியில் போகவேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. நமது ஆட்சேபம் வேறு. 2013-க்கு முன் இரண்டாம் அல்ஜீப்ரா வழக்கமான டிப்ளமாவின் ஓர் அங்கமாக இருந்தது. பெற்றோரும் பள்ளியும் சம்மதித்தாலன்றி எந்தப் பிள்ளையும் அதிலிருந்து விலக முடியாதிருந்தது. அந்தச் சட்டமோ நிலைமையைத் தலைகீழாக்கியது. ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை, ஐந்து துறைகளில் ஒன்றைத் தேர்ந்து எழுதிக் கொடுக்கவேண்டும். அவற்றுள் விஞ்ஞானமும் கணிதமும் சேர்ந்த துறை ஒன்றில் மட்டுமே இரண்டாம் அல்ஜீப்ரா கட்டாயம். முன்பு விலகுவதற்குக் கையெழுத்து வேண்டியிருந்தது. இப்போது சேருவதற்கே விவரம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்த விவரம் யாருக்குத் தெரியும்? கல்லூரியில் பயின்ற தாய் தந்தையரின் வீட்டில் அந்தக் காகிதம் மேஜைமேல் வந்தவுடனே, எந்தத் துறை எந்தக் கல்லூரிக்கு வழி என்று ஆராய்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள். இரவு வேலைக்குப் போய் விடியற்காலையில் திரும்பும் தாயோ, பிள்ளை நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் படுக்கப் போகிறாள். நூற்றுக்கணக்கான காகிதங்களைப் பார்த்துத் தீரவேண்டிய ஆலோசகர் அவளைத் தேடிப் போய் விளக்குவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவள் இட்ட கையெழுத்தின் பலன் நான்கு ஆண்டு கழித்தல்லவா தெரிகிறது? 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளி வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டினுள் வரும் மாணவருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினிலுள்ள பல்கலைக்கழகத்தில் மட்டும் அந்த எல்லை இன்னும் குறுகியது. ஆனால் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ அந்த உரிமையை, டிப்ளமாவிலேயே ஒரு படி மேலான சிறப்புத் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. அந்தத் தகுதிக்கோ இரண்டாம் அல்ஜீப்ரா இன்றியமையாதது! யாவருக்கும் அவசியமில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அதைப் படியாதவனுக்கு உறுதியான இடம் இல்லையென்று மற்றொரு பக்கத்தில் எழுதிய இந்தச் சட்டம், தெரிந்தவனுக்கு ஒரு நீதியையும் தெரியாதவனுக்கு ஒரு நீதியையும் வகுத்திருக்கிறது. வகுப்பிலே முதன்மையாக நின்ற பிள்ளை, வாசலிலே நிறுத்தப்படுவதற்கு அவன் செய்த குற்றம் என்ன?

இந்தத் தடுமாற்றம் இவர்களுக்குப் புதிதன்று. 2006-இல் நான்காண்டுக் கணிதமும் நான்காண்டு விஞ்ஞானமும் வேண்டுமென்று விதித்தவர்கள் இவர்களே. மறு ஆண்டே, உயர்நிலைப் பள்ளிக்குப் பன்னிரண்டு பாட இறுதிப் பரீட்சைகள் வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். அந்தப் பரீட்சைகள் 2011-இல் வகுப்பறைக்குள் நுழைந்த அதே ஆண்டில், பள்ளிகளுக்குச் சேரவேண்டிய பணத்தில் சுமார் 540 கோடி டாலரை வெட்டினார்கள். சுமையை ஏற்றிய கையாலேயே உணவைப் பறித்த இந்தக் காரியத்துக்கு எந்த விளக்கமும் பொருந்தாது. பெற்றோர் கொதித்தெழுந்ததும் அதற்குள் பதினைந்தாகப் பெருகியிருந்த பரீட்சைகளை 2013-இல் ஐந்தாகக் குறைத்தார்கள், குறைத்தது சரியே. ஆனால் பரீட்சையின்மேல் மூண்ட கோபத்தைப் பாடத்தின்மேல் திருப்பி, இரண்டாம் அல்ஜீப்ராவையும் சேர்த்து வெளியே தள்ளினார்களே, அதை மன்னிக்க முடியாது. பள்ளி மாணவர் எந்த வகுப்பில், எத்தனை கல்லூரிப் பாடங்கள் எடுக்கலாம் என்ற வரம்பை நீக்கவும் இவர்களுக்கு 2015 வரை அவகாசம் தேவைப்பட்டது. ஒரு தீர்மானத்தின் விளைவைப் பார்த்து முடிப்பதற்குள் மற்றொரு தீர்மானம். ஒவ்வொன்றுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட ஒரு தலைமுறை.

அறியாமல் செய்தார்கள் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. ஐந்தாம் வகுப்புக் கணிதப் பரீட்சையில் மேல் நாற்பது விழுக்காட்டில் வந்த பிள்ளைகளை, பெற்றோர் வேண்டாமென்று சொன்னாலொழிய, ஆறாம் வகுப்பில் உயர்தரக் கணிதத்தில் தாமாகவே சேர்த்துவிடவேண்டும் என்று 2023-இல் இவர்களே சட்டம் இயற்றியிருக்கிறார்கள். பிள்ளையின் கல்வியைப் பெற்றோரின் விவரஞானத்துக்கு விட்டுவிட்டால் ஏழைக்கு நஷ்டம் என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியுமா? பதினொரு வயதில் கைபிடித்து நடத்திய பிள்ளையைப் பதினான்கு வயதில் நடுவழியில் விட்டுவிடுவது எந்தத் தர்மம்?

2013-க்குப் பின், 2025 வரையில் ஆறு முறை முறைப்படி கூடிக் கலைந்த சபையில் இந்தக் குறையைத் தீர்க்க மனம் வரவில்லை. பணம் இல்லையென்று சொல்ல இடமில்லை. கல்லூரிப் பாடத்துக்குப் பணம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். வேண்டுவது மனம். ஏழை வீட்டுப் பிள்ளையும் கேளாமலே இரண்டாம் அல்ஜீப்ராவின் வழியில் போய்க் கல்லூரி அல்ஜீப்ராவை எட்டும்படியான ஏற்பாட்டை, அது எந்த உருவத்தில் வந்தாலும் சரி, இனித் தாமதமின்றிச் செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் இலவசக் கல்லூரிப் பாடம் என்று பேசுவதற்கு இவர்களுக்கு உரிமை இல்லை.